தலைமுடியை நோகாமல் பராமரிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் இருக்கும் அம்மாக்கள், அலுவலகத் தோழிகள், கல்லூரிக்குப் போகும் அக்கா மகள்கள் எனப் பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் மருத்துவர் இல்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. யார் எதைச் சொன்னாலும் அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் சொன்ன ஒரு விஷயம் இன்றுவரை எனக்கு வழிகாட்டி: வெளியே தெரிகிற முடிக்கு உயிர் கிடையாது, அது கெரட்டின் என்ற புரதத்தால் ஆன நூல், உயிர் இருப்பது தோலுக்கு உள்ளே, வேரில். நூலுக்கு வந்த சேதத்தை மாத்திரை சரிசெய்யாது. வேரில் வந்த குறையை எண்ணெய் சரிசெய்யாது. கீழே உள்ள பதில்கள் எல்லாமே இதிலிருந்து கிளைத்தவைதான்.

வாரத்துக்கு எத்தனை முறை தலைக்குக் குளிக்கலாம்?

உங்கள் உச்சந்தலை எவ்வளவு சீக்கிரம் பிசுபிசுக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானவர்களுக்கு வாரம் இரண்டு, மூன்று முறை போதும். வெயிலில் வண்டி ஓட்டி ஹெல்மெட்டுக்குள் வியர்ப்பவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்கலாம்.

"தலைக்குக் குளித்தால்தான் கொட்டுகிறது" என்று பயந்து பத்து நாள் குளிக்காமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொட்ட வேண்டிய முடி ஏற்கெனவே வேரை விட்டிருக்கும். தண்ணீர் படும்போது அது கீழே இறங்குகிறது. பத்து நாள் சேர்ந்தது ஒரே நாளில் கையோடு வந்தால் பயம் இன்னும் கூடத்தான் செய்யும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கொட்டினால் சாதாரணம்?

50 முதல் 100 வரை. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் சில வருடங்கள் வளர்ந்து, பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்து, விழும். அதே குழியில் புதிதாக ஒன்று முளைக்கும்.

எண்ணிக்கையைவிட முக்கியமான ஒரு சோதனை இருக்கிறது. விழுந்த முடியை வெள்ளைத் துணிமேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது தன் காலத்தை முடித்துக்கொண்டு விழுந்த முடி. "வேரோடு வந்துவிட்டது" என்று அழ வேண்டாம், வேர் உள்ளேயேதான் இருக்கிறது. இரண்டு முனையிலும் குமிழ் இல்லாமல், நீளம் குறைவாகத் துண்டு துண்டாக இருந்தால் அது உதிர்ந்ததல்ல, ஒடிந்தது. குமிழ் உள்ள முடி நிறைய விழுந்தால் உடம்பில் காரணம் தேடுங்கள். ஒடிந்த துண்டுகள் நிறைய என்றால் சீப்பு, துண்டு, அயர்ன், சாயம் இவற்றைச் சந்தேகப்படுங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பணத்தை வீணாக்குகிறார்கள்.

எண்ணெய் வைத்தால் முடி வளருமா? எந்த எண்ணெய் நல்லது?

எண்ணெய் வளர வைக்காது. வளர்ந்த முடியைக் காப்பாற்றும். அதுவே பெரிய உதவி.

முடி தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்ததும் சுருங்கும். ஒவ்வொரு குளியலிலும் இப்படி உப்பிச் சுருங்குவதில் முடியின் மேல்புறத்தை மூடியிருக்கும் நுண்ணிய செதில்கள் தேய்ந்துபோகின்றன. தேங்காய் எண்ணெயில் அதிகமாக இருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. அதனால் அது முடிக்குள் புகுந்து, தண்ணீர் அளவுக்கு மீறி நுழையாமல் தடுக்கிறது. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதன் பின்னால் இருக்கும் வேதியியல் சரியானதுதான்.

ஆகவே எண்ணெய்க்கு நல்ல நேரம் குளிப்பதற்கு முன்தான். ஒரு மணி நேரம் முன்போ, முந்தைய நாள் இரவோ, காதுக்குக் கீழே உள்ள நீளத்திலும் நுனியிலும் நன்றாகத் தடவுங்கள். உச்சந்தலைக்குக் கொஞ்சம் போதும். தினமும் காலையில் வழிய வழிய எண்ணெய் வைத்துக்கொண்டு தூசியில் போவதால் பயன் இல்லை, அழுக்குதான் ஒட்டும். நல்லெண்ணெய்க் குளியல் பிடித்தவர்கள் தாராளமாகத் தொடருங்கள். விளக்கெண்ணெய் கெட்டியானது, தனியாக வைத்தால் சிக்குப் பிடித்துவிடும். தேங்காய் எண்ணெயில் கால் பங்கு கலந்தால் போதும்.

கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, நெல்லிக்காய் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை என் அம்மா இன்றும் செய்து அனுப்புகிறார். நான் ஆசையாகத்தான் வைத்துக்கொள்கிறேன். வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் என்று மட்டும் யாருக்கும் சொல்வதில்லை.

சீயக்காயா, ஷாம்புவா?

இரண்டும் சரிதான், பயன்படுத்தும் விதம்தான் முக்கியம்.

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைக்கும் பொருள் சப்போனின். அழுக்கை எடுக்கும், ஆனால் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடாது. அதனால்தான் சீயக்காய் போட்ட தலை லேசான பளபளப்போடு இருக்கும். கொங்குப் பக்கத்தில் அரப்பு என்று தேய்ப்பார்களே, உசிலை இலைப் பொடி, அது இன்னும் மென்மை. எங்கள் வீட்டு அளவு இது: ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, கால் கிலோ வெந்தயம், நூறு கிராம் பூலாங்கிழங்கு, நிழலில் காய்ந்த செம்பருத்தி இலையும் பூவும் இரண்டு கைப்பிடி. மெஷினில் கொடுத்து அரைத்த பிறகு கட்டாயம் சலிக்க வேண்டும். திப்பியோடு தேய்த்தால் அது முடிமேல் உப்புத்தாள் போட்டு இழைப்பது மாதிரி. சோறு வடித்த கஞ்சியில் பொடியை அரைமணி நேரம் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றை மட்டும் ஊற்றிக் குளித்துப் பாருங்கள். சுத்தமும் ஆகும், தலையில் பொடி சிக்கியும் கிடக்காது. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நன்றாக எரியும்.

ஷாம்பு என்றால் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நீர்த்து, உச்சந்தலையில் மட்டும் விரல் நுனியால் தேயுங்கள். நகம் வேண்டாம். நீளத்துக்கு வழிந்து ஓடும் நுரையே போதும். கண்டிஷனர் நேர்மாறு, நீளத்துக்கும் நுனிக்கும் மட்டும். குளியல் சோப்பைத் தலையில் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். சோப்பு காரத்தன்மை உடையது, செதில்களைத் தூக்கிவிடும்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர், ஒரே உப்பு. அதனால்தான் முடி கொட்டுகிறதா?

தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும். சிக்கு விழும், சீவும்போது ஒடியும். வேரை அது தொடாது. அதாவது உப்புத் தண்ணீரால் முடி ஒடியலாம், வழுக்கை விழாது.

எல்லாக் குளியலையும் நல்ல தண்ணீரில் செய்ய முடியாது. கடைசி இரண்டு சொம்பு மட்டும் மழைநீரோ, குடிக்கிற தண்ணீரோ ஊற்றிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வினிகர் கலந்து நீளத்தில் ஊற்றி அலசினால் படிவு கொஞ்சம் கரையும். ஒரு எச்சரிக்கை: ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவு நீரைப் பிடித்துத் தலைக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு குழாய்த் தண்ணீரைவிட அதிகம். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தலையை எப்படித் துவட்டுவது? சாம்பிராணி போடலாமா?

நனைந்த முடி பலவீனமானது. இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், அப்புறம் ஒடியும். ஆகவே துண்டை வைத்துத் தட்டி உதறுவது, முறுக்கிக் கொண்டை போடுவது, ஈரத்தோடு இறுக்கிப் பின்னுவது மூன்றும் வேண்டாம். கனமான டர்க்கி டவலைவிட நம் ஈரிழைத் துண்டு அருமையானது. தலையைச் சுற்றி ஒற்றி ஒற்றி எடுங்கள். முக்கால்வாசி காய்ந்த பிறகு, அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போங்கள். சிக்கு விழுந்த இடத்துக்கு மேலே முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கீழே மட்டும் எடுங்கள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் எல்லாச் சிக்கும் ஒரே இடத்தில் போய் முடிச்சாகிவிடும்.

சுருட்டை முடி உள்ளவர்கள் காய்ந்த பிறகு சீவவே கூடாது. கண்டிஷனர் இருக்கும்போதே விரலாலோ அகலச் சீப்பாலோ சிக்கு எடுத்துவிடுங்கள்.

சாம்பிராணி மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் புகை புகைதான். கைக்குழந்தைக்கும் வீசிங் உள்ளவர்களுக்கும் அது ஆகாது.

பொடுகுக்கு எண்ணெய் வைத்து ஊறவிடலாமா?

வேண்டாம். பொடுகு பெரும்பாலும் வறட்சியால் வருவதில்லை. எல்லோர் தலையிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சை, தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையைத் தின்று பெருகுவதால் வருவது. அதற்கு மேலும் எண்ணெய் ஊற்றுவது தீனி போடுவது மாதிரி. கெட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை உச்சந்தலையில் போட்டு, மூன்று முதல் ஐந்து நிமிடம் அப்படியே விட்டு அலசுங்கள். வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். போட்ட உடனே அலசிவிட்டு "கேட்கவில்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். எலுமிச்சைச் சாற்றை நேராகத் தேய்ப்பது தோலை எரிச்சலாக்கும். தடித்த வெள்ளிச் செதிலாக, நெற்றி வரைக்கும் வந்தால் அது சொரியாசிஸாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

டெங்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது கொத்தாகக் கொட்டுகிறது. ஏன்?

ஜுரத்தால்தான். கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி டயட் இப்படி ஏதாவது நடந்தால் உடம்பு நிறைய முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். ஓய்வு முடிந்து அவை விழ இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால் காய்ச்சலை மறந்துவிட்டு, போன வாரம் மாற்றிய ஷாம்புமேல் பழி போடுகிறோம்.

பிரசவத்துக்குப் பிறகு நடப்பதும் இதேதான். கர்ப்ப காலத்தில் விழாமல் இருந்த முடியும் சேர்ந்து விழும். குழந்தை "முகம் பார்க்கும்" நேரத்தில் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று சொல்வார்களே, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அந்த நாட்களில் தலையணையைப் பார்க்கவே பயமாக இருந்தது எனக்கு. பெரும்பாலும் ஆறு மாதத்தில் குறையும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் நெற்றியோரம் குட்டிக் குட்டியாகப் புது முடி நிற்கும். அதுவரை நன்றாகச் சாப்பிட்டு, பொறுமையாக இருங்கள். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை தேவை.

என்ன சாப்பிட வேண்டும்? பயோட்டின் மாத்திரை போடலாமா?

முதலில் இரும்புச்சத்து. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. நம் வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடுகிற பெண்ணின் தலைமுடியைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். எந்த எண்ணெய் என்று கேட்பதற்கு முன் அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு காலியாக இருக்கலாம். முருங்கைக்கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். முட்டை, மீன், ஈரல் சாப்பிடுபவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். முடி என்பதே புரதம், அதனால் மூன்று வேளையும் பருப்போ, சுண்டலோ, முட்டையோ ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

பயோட்டின் குறைபாடு அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரை உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதைவிட, அது ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தப்பாகக் காட்டக்கூடும். தைராய்டு, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனைகள் வரை பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்தது. போட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பள்ளியில் இரட்டைச் சடை கட்டாயம். மகளுக்கு நெற்றியோரம் முடி குறைகிறது.

இதைப் படிக்கும் எல்லா அம்மாக்களிடமும் நான் கேட்டுக்கொள்வது: சடையைத் தளர்த்துங்கள். வருடக்கணக்கில் இறுக்கி இழுத்தால் நெற்றியோர வேர்கள் நிரந்தரமாகவே போய்விடும். ஆரம்பத்தில் நிறுத்தினால் திரும்ப முளைக்கும். பின்னி முடித்ததும் குழந்தையிடம் "வலிக்குதா?" என்று கேளுங்கள். வலித்தால் அது இறுக்கம். வகிட்டை வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தள்ளி எடுங்கள். ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி சுற்றிய பேண்டு போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவிழ்த்துவிடுங்கள், மடித்துக் கட்டிய சடையோடு தூங்க வைக்க வேண்டாம். சவுரி வைத்துப் பின்னி, அதன்மேல் பந்து பந்தாகப் பூ வைப்பதும் இதே இழுப்புதான், விசேஷ நாளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பேன் வந்துவிட்டது. மண்ணெண்ணெய் வைக்கலாமா?

கூடவே கூடாது. தோல் வெந்துவிடும், தீ விபத்து வேறு. பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் கடையில் கிடைக்கும், பத்து நிமிடம் வைத்து அலச வேண்டும். ஈறு பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால், ஒன்பதாம் நாள் வாக்கில் மறுபடியும் ஒருமுறை. இடையில் கண்டிஷனர் போட்டு ஈர முடியில் பேன்சீப்பால் வாருங்கள். வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா?

வளராது. வேர்களின் எண்ணிக்கை பிறக்கும்போதே முடிவாகிவிட்டது, கத்தி அவற்றைத் தொடுவதே இல்லை. புதிதாக வரும் நுனி தட்டையாக வெட்டப்பட்டிருப்பதால் தடிப்பாகத் தெரிகிறது. குலதெய்வத்துக்கு வேண்டுதல் என்றால் மனதாரப் போடுங்கள்.

நரை விழுகிறது. எந்தச் சாயம் பாதுகாப்பானது?

கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பிபிடி என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சிலருக்குப் பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்து, ஒருநாள் முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை வரும். ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். ஒருமுறை அரிப்போ வீக்கமோ வந்தால் அந்த வகைச் சாயம் வாழ்க்கைக்கும் வேண்டாம்.

சுத்தமான மருதாணி செம்பழுப்புதான் கொடுக்கும். "கறுப்பு மருதாணி" என்று எழுதியிருந்தால் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள், அதிலும் பிபிடி இருக்கலாம். முதல்நாள் மருதாணி, அலசிவிட்டு அப்புறம் அவுரிப் பொடி என்று போட்டால் அடர்பழுப்பு, கறுப்பு வரும். நேரம் பிடிக்கும், முடி கொஞ்சம் வறளும், முன்னும் பின்னும் எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைத்தான் செய்கிறேன்.

ஸ்ட்ரெய்ட்டனிங், கெரட்டின் ட்ரீட்மென்ட்?

மனமில்லாமல்தான் பதில் சொல்கிறேன். நிரந்தர ஸ்ட்ரெய்ட்டனிங், முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து வேறு வடிவில் பூட்டுகிறது. கெரட்டின் என்று விற்கப்படும் சில கலவைகள் சூடுபட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடுகின்றன. பார்லரில் கண் எரிந்து தொண்டை கமறினால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள், கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை. அந்தப் புகையை நாள் முழுக்கச் சுவாசிப்பது அங்கே வேலை பார்க்கும் பெண்கள் என்பதும் என்னை உறுத்துகிறது. வீட்டில் அயர்ன் செய்தால் முடி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈர முடிமேல் சூடு வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து, முடிக்குள் குமிழி விட்டு, அந்த இடத்தில் ஒடியும்.

வட்டமாகச் சொட்டை விழுந்திருக்கிறது. புழுவெட்டு என்கிறார்கள். சின்ன வெங்காயம் தேய்க்கலாமா?

பெயரில்தான் புழு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தவறாகத் தாக்குவதால் வருவது இது. ஒன்றிரண்டு வட்டம் என்றால் பலருக்குத் தானாகவே முளைத்துவிடும், அதனால்தான் வெங்காயத்துக்கு அந்தப் பேர் கிடைக்கிறது. தோல் புண்ணாகும் அளவுக்குத் தேய்க்காதீர்கள். குழந்தைக்குச் செதிலும் அரிப்புமாக வட்டம் விழுந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், அதற்கு உள்ளே சாப்பிடும் மருந்து வேண்டும். இரண்டுக்குமே தோல் மருத்துவர்தான் வழி.

ஆண்களுக்கு நெற்றி ஏறுவது, பெண்களுக்கு வகிடு அகலமாவது பரம்பரையாக வரும் வேறொரு விஷயம். அதற்கு மினாக்சிடில் என்ற மருந்து இருக்கிறது. பலன் தெரிய நான்கைந்து மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் ஆகாது. எனவே மருத்துவரைக் கேட்டு, சீக்கிரமே ஆரம்பிப்பது நல்லது. மாதவிலக்கு ஒழுங்கில்லாமல், முகத்தில் முடியும் பருவுமாக இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, ஒரு வாரத்துக்கு என்னதான் செய்வது?

செவ்வாய் இரவு நுனிக்குத் தேங்காய் எண்ணெய், புதன் காலை ஷாம்பு, நீளத்துக்குக் கண்டிஷனர். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், சீயக்காயோ அரப்போ. மற்ற நாட்களில் தளர்ந்த ஒற்றைப் பின்னல், இரவில் இன்னும் தளர்வாக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் நுனி வெட்டு. சீப்பை வாரம் ஒருமுறை கழுவுங்கள். கல்லூரிப் பெண்ணுக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் இதில் நாள் மட்டும்தான் மாறும்.

எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும்?

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வளரும், வருடத்துக்குச் சுமார் 15 சென்டிமீட்டர். அப்படியென்றால் இடுப்பு வரை தொங்கும் முடியின் நுனிக்கு ஐந்து வயது. ஐந்து வருட வெயிலும் சீப்பும் பட்டது அது. அதை இரண்டு வாரத்தில் புதிதாக்க யாராலும் முடியாது. இன்று முளைக்கிற முடியை மட்டும்தான் நன்றாக வளர்த்தெடுக்க முடியும். சிக்கு குறைவது ஒரு மாதத்தில் தெரியும், ஒடிவது குறைவது மூன்று மாதத்தில். அடர்த்தி கூடியதா என்று கண்ணாடியில் தினமும் பார்த்துக் கவலைப்படாதீர்கள். ஒரே ஜன்னல் பக்கம், ஒரே வெளிச்சத்தில், நடுவகிடு எடுத்து இன்று ஒரு போட்டோ, மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அந்தப் போட்டோக்களையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.